இலவசக் கண்ணாடியும் முழங்கால் டாக்டரும்

இலவச மூக்குக்கண்ணாடிக்கு ஆசைப்பட்டு மனைவியின் முழங்கால் டாக்டரைத் தொலைத்த பெருமை, ஓய்வுபெற்ற பஸ் அட்டவணைக்காரரையே சேரும்.

இருவருக்குமான மருத்துவக் காப்பீட்டை அவர்தான் மாற்றினார். புதிய திட்டத்தில் வருஷத்துக்கு ஒரு கண்ணாடி இலவசம். அதோடு தலையணை கனத்தில் ஒரு டாக்டர் பட்டியலும் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முழங்கால் டாக்டரின் பெயர் இருந்தது. அச்சில் வந்ததெல்லாம் அவருக்கு வேதவாக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

திங்கள்கிழமை மனைவி கிளினிக்கிலிருந்து திரும்பிப் பையைத் தொப்பென்று மேஜையில் வைத்தாள்.

"உங்க புது அட்டைய இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி மரியாதையா கையில குடுத்துட்டாங்க. அங்க செல்லாதாம்."

"பட்டியல்ல இருக்காரே!"

"முப்பது வருஷம் அட்டவணை போட்டீங்களே, ஒரு நாளாவது ஏழு இருபது பஸ் ஏழு இருபதுக்கு வந்துச்சா?"

"வரும்னு நம்பித்தான் போட்டோம்."

"அவங்களும் இருக்காருன்னு நம்பித்தான் போட்டிருக்காங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மாடிப்படியில், நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டு ஏறினாள். அந்த நல்ல காலை நல்ல காலாக்கியவர் அந்த டாக்டர்தான். மற்றதற்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார். வேறு டாக்டரிடம் போகச் சொன்னால், 'வலியே தேவலை' என்று உட்கார்ந்துவிடுவாள். அட்டவணைக்காரருக்குக் கண்ணாடி இல்லாமலே அது தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். பழைய திட்டத்தை மூடிவிட்டார்கள், மாற வேறு மூன்று திட்டங்கள் இருந்தன. மூன்று பட்டியலிலும் டாக்டர் பெயர் இருந்தது!

காப்பீட்டு ஆபீசுக்குப் போன் செய்தார். கால் மணி நேரம் போனில் வீணை இசை போட்டுக் காக்க வைத்த பிறகு, "பட்டியலைப் பாருங்க சார்" என்றார்கள். கிளினிக்குக்குப் போய் டாக்டரையே பிடித்துக் கேட்டார். "எனக்கு முழங்கால்தான் தெரியும், அட்டையெல்லாம் தெரியாது" என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

டாக்டர் அறைக்கு வெளியே வந்து நின்றபோதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் விவரம் தெரிந்த பயணி எவன் அட்டவணையைப் பார்த்தான்? கண்டக்டரை அல்லவா கேட்டான்! 'நம்மைத் திட்டிய அத்தனை பேரும் புத்திசாலிகள்' என்று முணுமுணுத்தபடி, பில் போடும் அம்மாவின் ஜன்னலுக்குப் போய் மூன்று திட்டங்களின் தாளையும் நீட்டினார்.

"அம்மா, டாக்டர் பேரு பட்டியல்ல இருக்கான்னு கேக்கல. அடுத்த மாசம், இதே கட்டடத்துல, என் வீட்டுக்காரி முழங்காலுக்கு இதுல எது செல்லும்?"

அந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தாள்.

"இப்பதான் சார் ஒருத்தர் ஒழுங்கா கேக்கறீங்க. பட்டியல் போன வருஷத்துது. அப்ப டாக்டர் மூணு ஆஸ்பத்திரியில உக்காந்தாரு, ஒவ்வொண்ணுலயும் வேற வேற திட்டம் செல்லும்; இப்ப இங்க மட்டும்தான். இங்க செல்லுறது நடுவுல இருக்கிற இந்தத் திட்டம் ஒண்ணுதான். அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் செல்லும், ஒப்பந்தம் என் மேஜையிலயே இருக்கு. ஆனா ஒண்ணு, கண்ணாடி கிடையாது."

அட்டவணைக்காரர் நடுத் தாளை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அங்கேயே கிழித்துப் போட்டார்.