நம்ம ஆபீசு

லாசரசுக்கு இங்கிலீசு அரைகுறை. அந்த அரைகுறைதான் அவரைக் கவிழ்த்தது.

சிங்கப்பூர் ஆற்றோரத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் அவர் பியூன். சேர்ந்தபோது கறுத்திருந்த மீசை வெளுத்துவிட்டது. வேலை மட்டும் இன்னும் தற்காலிகம். தற்காலிகத்துக்குப் பென்ஷன் கிடையாது. ஆனாலும் மனுஷனுக்கு வாய்க்கு வாய் ‘நம்ம ஆபீசு’தான். காகிதங்கள் பூஞ்சை பிடிக்காமலிருக்க அங்கே ஞாயிற்றுக்கிழமையும் சன்னல்களைத் திறந்தே வைப்பார்கள். மழை இருட்டினால் போதும், லூர்து மாதா கோயிலில் பாதிப் பூசையில் எழுந்து ஓடுவார், சன்னல் சாத்த. ஓடச் சொன்னவர் யாருமில்லை.

ஒருநாள் பெரிய துரை, புதிதாக வந்த துரைக்கு லாசரசைக் காட்டி, “பெர்மனன்ட் ஃபிக்சர்” என்றார். இருவரும் சிரித்தார்கள். லாசரசும் சிரித்தார். முதல் சொல் அவருக்குத் தெரியும். இரண்டாவது யாருக்கு வேண்டும்?

அன்று சாயங்காலமே சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடைக்காரர் நெய்னா முகம்மதுவிடம் போனார். கடையைப் பார்த்துக்கொள்ள நெய்னா அவரைக் கூப்பிட்டிருந்தார்; பின்கட்டில் கடைசிவரை குடியிருக்க அறையும் தருவதாகச் சொல்லியிருந்தார்.

“மன்னிச்சுக்குங்க மரைக்காரே. நம்ம ஆபீசுல என்னைய பெர்மனன்ட் ஆக்கிட்டாங்க.”

“ரொம்ப சந்தோசம்” என்றார் நெய்னா. மறுநாளே வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

ஆபீசில் தலைமைக் குமாஸ்தா அலெக்சாண்டரிடம் லாசரஸ் லட்டுத் தட்டை நீட்டினார். விஷயத்தைக் கேட்டதும் அலெக்சாண்டர் முகம் மாறியது.

“அது வேலையச் சொல்லல, லாசரஸ். சுவத்துல அடிச்ச ஆணி மாதிரி இங்கயே கெடக்குறீங்கன்னு கிண்டல் பண்ணிருக்காரு.”

“அப்ப பென்ஷன்?”

அலெக்சாண்டர் எடுத்த லட்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். 

மனைவி அற்புதமேரியிடம் லாசரஸ் மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் வானம் இருண்டது. லாசரஸ் முழங்காலிட்டபடியே இருந்தார். அற்புதமேரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து காதோரம் கிசுகிசுத்தாள்.

“என்னங்க, மழை வருது. நம்ம ஆபீசு சன்னலு!”

“அவங்க ஆபீசு” என்றார் லாசரஸ். “நனையட்டும்.”

அவள் திகைத்து நின்றாள். மழை கொட்டியது. அவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் பூசை முடியும்வரை சாமியார் குரல் அவர் காதில் விழவேயில்லை. எங்கோ ஆற்றோரத்தில் சன்னல் கதவுகள் அடித்துக்கொள்ளும் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.