பவித்ரா திட்டிய ஹெரால்டு

1

இந்தக் கதையை ஆரம்பித்து வைத்தது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வளர்மதி அக்கா. மனைவி பவித்ராவின் காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்று, சிவசங்கர் பின்பக்கம் போய்ப் பழைய ஹெரால்டு காரின் கதவைச் சுரண்ட உட்கார்ந்தான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதைப் பார்த்த அக்கா, பவித்ராவின் கடைசி ஆசை அந்தக் கார்தான், அதை முடித்து ஓட்டாமல் அவன் ஓயமாட்டான் என்று பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவன் மறுக்கவில்லை. வாயில் துருத் தூசி இருந்தது.

(தூசி இருந்தது உண்மை. துப்பிவிட்டுப் பேசியிருக்கலாம்.)

பவித்ராவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது.

பொய் பஸ் ஏறிக் குறிஞ்சிப்பாடி வரை போனது. அங்கே அவன் மாமியார் செங்கமலம் இருக்கிறாள். மகள் ஆசைப்பட்ட வண்டியில் முதலில் நான்தான் ஏறுவேன் என்று போனில் சொன்னாள். இந்தக் கதையில் உள்ள ஒரே ஆபத்து இதுதான். வண்டி முடிந்தால் அத்தை ஏறுவாள். அப்போது அவன் பொய்யை அவள் முகத்துக்கு நேராகத் தொடர வேண்டும், அல்லது மகளைப் பறிகொடுத்தவளிடமிருந்து அந்த ஆசையையும் பிடுங்க வேண்டும்.

இதை எழுதுவதும் சிவசங்கர்தான். முதலில் 'நான்' என்றுதான் எழுதினான். நான் என் மனைவி இறந்த பிறகு— அங்கேயே நின்றுவிட்டது. 'அவன்' என்று மாற்றியதும், சோக்கை இழுத்த இன்ஜின் மாதிரி இருமிக்கொண்டு கிளம்பியது.

2

தொடக்கங்கள்.

"அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன்—" கோடு போட்டு அடித்தாயிற்று. நெய்வேலிக்காரன் எழுத உட்கார்ந்தால் அந்தப் புகைபோக்கி தானாக வந்து நிற்கும்.

"பவித்ரா அந்தக் காரை முதலில் பார்த்தபோது அவள் கண்கள்—" கண்கள் ஒன்றும் செய்யவில்லை. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தறிப்பட்டறைக் கொட்டகையில் கிடந்த வண்டி அது. உள்ளே கோழி அடைத்திருந்தார்கள்.

"அது ஒரு ஸ்போர்ட்ஸ் கார்."*

* இல்லை. ஹெரால்டு, இரண்டு கதவு வைத்த குடும்ப வண்டி. கூரை போல்ட்டில்தான் நிற்கும். கழற்றிவிட்டால் ஸ்போர்ட்ஸ் கார் என்று அவன் நம்பினான். கழற்றினான். இப்போது அது கூரை இல்லாத குடும்ப வண்டி.

டெங்கு என்ற சொல் இந்தக் கதையில் ஒருமுறை வர வேண்டும். வந்துவிட்டது.

3

பழைய வண்டியைப் பழையபடி ஆக்கும் வேலை ஒருநாள் முடிந்துவிடும். மாற்றி அமைக்கும் வேலைக்கு முடிவே கிடையாது. அத்தை போன் செய்யும்போதெல்லாம் அவன் இன்னொன்றை மாற்ற ஆரம்பித்தான்.

கதவின் ஓரத் தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, மந்தாரக்குப்பத்து வெல்டரை வைத்துப் புதுத் தகரம் ஒட்டினான். தரையைச் சுரண்டி, கழுவி, மறுபடி சுரண்டினான். ஸ்பிரிங் குத்தும் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதுகைக் கவ்விப் பிடிக்கும் பக்கெட் சீட் இரண்டு வாங்கினான். அகல டயர் போட்டான். டயர் உரசியது. உரசாமலிருக்க மட்கார்டை அகலப்படுத்தினான். பார்க்க, தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்ட அண்ணன் மாதிரி இருந்தது.

பெயிண்ட் அடிக்கக் காற்றும் ஒத்துழைக்க வேண்டும். துணி காயப்போடும் முன் பிளாக்கில் எல்லோரும் பார்ப்பதுபோல அவனும் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தான். இந்தப் பக்கம் சாய்ந்தால் ஈரப் பெயிண்டில் சாம்பல் ஒட்டும், அன்றைக்கு வேலை இல்லை. அந்த நாட்கள் அவனுக்குப் பிடித்திருந்தன.

ஷிஃப்டில் உடன் வேலை பார்க்கும் தனகோட்டி ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னான். "டேய், நம்ம மைன்ஸ்ல நிலக்கரி தீந்துபூடும். உன் வண்டி தீராது."

பெயிண்ட் அடித்தான். சிவப்பு. சாம்பல் ஒட்டவில்லை. அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

4

அடுத்து எதை மாற்றலாம் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தை சொல்லாமல் வந்தாள். தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காமல் நேராகப் பின்பக்கம் போனாள். வண்டியை ஒரு சுற்று வந்தாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை என்று அவன் சொன்னான். காய்ந்து வெகுநாளாகிறது.

"அவ பொடவயக் கிழிச்ச கதவு எது, மாப்பிள?"

அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. புடவை கிழிந்தது அவனுக்கும் பவித்ராவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தான்.

"வெட்டி எடுத்துட்டேன், அத்தை."

"மண்டய இடிச்சிக்கினாளே, அந்த மேல்தகரம்?"

"கழட்டிட்டேன்."

அத்தை கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள். கோழி நாற்றமும் இல்லை.

"போன் போட்டா மொதல்ல இந்த எழவு வண்டியத் திட்டுவா. அப்பறந்தான் சாப்ட்டியாம்மான்னு கேப்பா. ஊரே ஆசை ஆசைன்னு பேசிகினு இருந்திச்சி. நானும் ஆமான்னுட்டேன். அப்பிடிச் சொன்னா மேல கிண்டிக் கேக்கமாட்டாங்க." ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். "அவ திட்டுன வண்டியப் பாக்கணும்னு வந்தேன். இது வேற யாரு வண்டியோ மாதிரி இருக்குது."

இத்தனை காலம் எதற்குப் பயந்தானோ அது நடக்கவே இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பவித்ரா எதையெல்லாம் திட்டினாளோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக, தன் கையாலேயே, வெட்டி எறிந்திருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது.

"எங்கிட்ட அவ சொல்றது வேற," என்றாள் அத்தை. "உங்கள நேர்ல என்னான்னு திட்டுவா? அப்பிடியே சொல்லுங்க."

5

அவன் சொன்னான்: "'இந்த வண்டி நமக்குத் தேவையா'ன்னு கேப்பா."

"பேங்க்ல பேசற மாதிரி இருக்குது. அவ பேச்சே இல்ல."

"'ஏங்க, காச இப்படி—'"

"ஏங்கவா? எம் பொண்ணா?" அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

(வாசகர் திரும்பிப் பார்க்கலாம். இத்தனை பக்கத்தில் பவித்ராவுக்கு ஒரு வரி வசனம் கிடையாது. எழுதியவை எல்லாம் இப்படித்தான் வந்தன.)

அவன் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "யோவ்" என்றான்.

அத்தை சிரிப்பை நிறுத்தினாள். "ம். சொல்லுங்க."

6

முடிவுகள்.

ஒன்று: அவன் முழுவதும் சொல்கிறான், இருவரும் அழுகிறார்கள். அழுவதை அவனுக்கு எழுதத் தெரியாது. அன்றைக்கு அழவும் தெரியவில்லை.

இரண்டு: சாவியைத் திருப்புகிறான், வடக்குத்து வரை ஓட்டிப் போகிறார்கள், காற்று முகத்தில்— கார்புரேட்டர் இன்னும் பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது.

மூன்றாவது உங்களிடம். அத்தை சீட்டில் காத்திருக்கிறாள். பவித்ராவின் மிச்ச வரி அவனுக்கு ஒரு சொல் விடாமல் தெரியும். எழுதப் போனால் கை தானாக அதைத் தேய்த்து, பட்டி பூசி, பளபளப்பாக்கிவிடுகிறது. உங்களையும் வீட்டில் ஒருவர் திட்டியிருப்பார். அந்தக் குரலிலேயே, துரு ஒட்டியபடியே, இங்கே எழுதுங்கள். அத்தைக்கு வித்தியாசம் தெரிந்துவிடும், ஜாக்கிரதை.

"யோவ்,