புண் ஆறும் கணக்கு

பதினேழு வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப்போட்டு வந்த அந்த நர்ஸை, மருத்துவமனை நிர்வாகி தன் அறைக்குக் கூப்பிட்டது ஒரு திங்கட்கிழமை மதியம். கையுறையைக் கழற்றியதும் கழற்றாததுமாக ஓடினாள். அவர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நல்லா பாருங்க சிஸ்டர். நீங்க கட்டுப்போட்டவங்களுக்குப் புண் ஆற சராசரியா முப்பத்திரண்டு நாள். மத்த நர்ஸுங்ககிட்ட போனவங்களுக்குப் பதிமூணே நாள்."

"பெரிய புண்ணையெல்லாம் டாக்டர் என்கிட்டதானே சார் அனுப்புறாரு? சர்க்கரைக்காரங்க கால், மாசக்கணக்கா படுத்தே கிடந்தவங்க முதுகு..."

"ஒரு வருஷ விவரம் இது. உங்க பேருக்கும் புண் ஆறாததுக்கும் தொடர்பு இருக்கு."

"தொடர்பு இருக்கு சார், இல்லைங்கல. ஆனா நான் தொட்டதால புண் பெருசாகல. பெருசா இருந்ததாலதான் என்கிட்ட வந்துச்சு."

அவர் அதற்குள் அடுத்த காகிதத்தைக் கையில் எடுத்திருந்தார். மறுநாளிலிருந்து அவளுக்கு விரல் வெட்டு, முழங்கால் சிராய்ப்பு. பெரிய புண்கள் எல்லாம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இன்னொரு நர்ஸுக்கு. அந்தப் பெண் நடக்கிற வேகத்துக்கு எல்லாரும் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பை ஒரு மூலையில் விசிறி அடித்தாள். பஞ்சர் கடை வைத்திருக்கும் கணவன் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "என் கடைக்கு வர்ற வண்டியெல்லாம் பஞ்சரான வண்டிதான். அதுக்காக ரோட்டுல நான்தான் ஆணி போடறேன்னு சொல்லிடுவாங்களா?"

"ஏற்கெனவே பாதி ஊரு அப்படித்தான் சொல்லுது."

சொன்ன அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனசு மட்டும் ஆறவில்லை.

மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் நடைவழியில் நிர்வாகி முகமெல்லாம் பல்லாக எதிரே வந்தார். "பாத்தீங்களா சிஸ்டர்! முப்பத்திரண்டு ஏழா இறங்கிடுச்சு. எப்படித் தேறிட்டீங்க!"

எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டுப்போடும் அறைக்குள் நுழைந்தால், பஞ்சுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சிட்டு அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஐம்பது நாளைத் தாண்டிடுச்சாம்க்கா. மெமோ குடுத்துட்டாரு. என் கை ராசியில்லையோ?"

தன் தலையில் விழுந்த பழியை மூத்தவள் எப்படியோ விழுங்கியிருந்தாள். சிட்டுவின் மேல் விழுந்ததை விழுங்க முடியவில்லை. "ராசியாவது மண்ணாவது! எழுந்திரு," என்று அவளை இழுத்துக்கொண்டு நிர்வாகி காட்டிய அந்த ஒரு வருஷத்துக் கோப்புகள் இருந்த அறைக்குப் போனாள். நோயாளி வந்த முதல் நாளே புண்ணின் அளவை டாக்டர் குறித்து வைத்திருப்பார். மூன்று நாள் சாப்பாட்டு வேளையைத் தின்றது அந்த வேலை. தீப்பெட்டியைவிடப் பெரிய புண்ணை ஒரு பக்கமும் சின்னதை இன்னொரு பக்கமும் பிரித்துப் போட்டார்கள். சின்னப் புண் அவளிடம் ஏழு நாளில் ஆறியது, மற்றவர்களிடம் ஒன்பது நாளில். பெரியது அவளிடம் முப்பத்தெட்டு, மற்றவர்களிடம் ஐம்பத்திரண்டு. அவளிடம் வந்த பத்தில் எட்டு பெரியது. மற்றவர்களிடம் பத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சராசரி போட்டால் மட்டும்தான் அவள் கடைசி.

இந்தக் கணக்கை எழுதிக் கொண்டுபோன தாளை நிர்வாகி மேலும் கீழும் பார்த்தார். "அதே விவரம்தானே இது? அப்ப எதைத்தான் நம்பறது?"

"அதே விவரம்தான் சார். எது எதுகூட சேர்ந்து வருதுன்னு பாத்தீங்க. ஏன் சேர்ந்து வருதுன்னு ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாம்."

"நீங்க சொல்றது புரியுது. ஆனா மேலிடத்துக்கு அறிக்கை போயிடுச்சே..."

அதற்கு மேல் அங்கே நிற்க அவளுக்குப் பொறுமை இல்லை. இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கு நடுவே வெளியே வந்த டாக்டரின் கையில் தாளைத் திணித்தாள். அவர் நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்கக் காது சிவந்தது. "ஆறாத புண்ணெல்லாம் ஏன் கூடுதுன்னு நான் மண்டையை உடைச்சுக்கறேன், உங்களுக்குன்னு நான் எழுதி அனுப்புறதை மாத்தி, உங்களை விரல் வெட்டுக்கு உக்கார வச்சிருக்காங்களா?"

மறுநாள் பெரிய புண்கள் அவளிடம் திரும்பி வந்தன. சிட்டுவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சிட்டுவுக்குக் கொடுத்த மெமோவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. கேட்கப் போன இரண்டு தடவையும் 'பார்க்கலாம்' என்ற பதில்தான் வந்தது. படிவத்தில் 'புண்ணின் அளவு' என்று புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. அதையும் பாதிப் பேர் காலியாகவே விட்டார்கள்.

அவள் விடவில்லை. ஒரு தையல்காரரின் குதிகால் புண்ணை அளக்க ஸ்கேலை வைத்தபோது அவர் கேட்டார், "என்னம்மா, அளவெடுத்துக் காலுக்குச் சட்டை தைக்கப்போறியா?"

"இதை எழுதலைன்னா உங்க கால் ஆறாததுக்கு நான்தான் காரணம்னு எழுதிடுவாங்க ஐயா. ஆடாம காலை நீட்டுங்க."