காலி லாரிக்கும் மணி அடித்தது

1.

இந்தக் கதையை லாரி ஓட்டுநர் கேப்ரியலிடமிருந்து, பாரோய் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில், ஒரு தே தாரேக்குக்கு, அதாவது ஆற்றிய பால் தேநீர் ஒன்றுக்கு, வாங்கினேன். அவர் இரண்டு கேட்டார். நான் ஒன்றில் முடித்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘சுவா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், மூடிய ரப்பர் ஆலையின் துருப்பிடித்த உருளைகள் காலை வெயிலில்...’

வேண்டாம். வெயிலை யார் விலைக்கு வாங்குவார்?

இரண்டாவது: அந்த உருளைகளை ஏற்றிக்கொண்டு கேப்ரியலின் லாரி, இரும்பு உருக்கும் ஆலையின் வாசலில் நுழைந்ததும் மணி அடித்தது.

இது போதும்.

2.

பழைய இரும்போடு கதிரியக்கப் பொருள் கலந்து உலைக்குப் போய்விடாதிருக்க, வாசலின் இருபுறத் தூண்களுக்குள்ளும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பலகை நிற்கிறது. கதிர்வீச்சு பட்டால் அதனுள் துளி வெளிச்சம் மினுக்கும். ஒட்டியிருக்கும் கருவி அதை எண்ணி மணி அடிக்கும். வெளிவெளிச்சம் புகாதிருக்கக் கறுப்புத் தாளில் சுற்றி வைத்திருப்பார்கள். [இங்கே ஓர் உவமை இருந்தது. எடுத்துவிட்டேன்.] ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும், என்ன, யாரிடம் என்று சொல்லாது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கூட்டாளி கிடைக்கமாட்டான்.

3.

இரும்பை இறக்கினார்கள். காலி லாரிக்கும் மணி அடித்தது.

“உங்க மெஷினு ரோசாக் லா, கெட்டுப்போச்சு தங்கச்சி. காலி லாரிக்கும் கத்துது” என்றார் உடையப்பன். அம்பாங்கானில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர், கேப்ரியலின் முதலாளி. சரக்கோடு தானும் வந்திருந்தார்.

வாசல் பொறுப்பிலிருந்த ஜூலியானா சிரிக்கவில்லை. “லாரிதான் காலி அங்கிள். உள்ள ரெண்டு பேரு இருக்கீங்களே. ஆஸ்பத்திரில ஊசி போட்டு ஸ்கேன் ஏதும் எடுத்தீங்களா? அந்த மருந்துல கதிர்வீச்சு இருக்கும், அதுக்கும் அடிக்கும்.”

கேப்ரியல் முந்தின நாள்தான் எடுத்திருந்தார். இதயத்துக்கு. மனைவி அகதாவுக்கு மட்டும் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் லாரிச் சாவி கைமாறிவிடும். தோட்டம் மூடியபின் அவருக்கு இருப்பது அந்தச் சாவி ஒன்றுதான்.

(அவர் வாய் திறக்காததை நம்பமுடியவில்லை என்றார் கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர். நண்பருக்குப் பென்ஷன் வருகிறது.)

4.

உடையப்பன் யோசிக்கவே இல்லை. “ஆமாமா, எனக்குத்தான் எடுத்தாங்க.”

பொய். ஆனால் கடைக்காரர்கள் நடுவில் வளர்ந்த எனக்கு அது புரிகிறது. கேட்பவர் எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறாரோ அதை எடுத்து முன்னால் வைத்துவிடுவோம். சரக்கு நகரவேண்டும், அவ்வளவுதான்.

“அப்ப சரி. நடந்து காட்டுங்க அங்கிள்.”

நடந்தார். மணி அடிக்கவில்லை. திரும்பி நடந்தார். தூணை உள்ளங்கையால் தட்டியும் பார்த்தார்.

“இன்னொரு தடவ மெதுவா நடக்கட்டா?”

“படுத்துத் தூங்கினாலும் அடிக்காது அங்கிள்.”

பிளாஸ்டிக்கிடம் பேரம் படியவில்லை. இருவரும் கேப்ரியலைப் பார்த்தார்கள்.

“என்னாடா கேப்ரியலு,” என்றார் உடையப்பன், “நீயா?”

கேப்ரியல் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். சாவி கையில்.

5.

முடிவு அ: நடக்கிறார்; மணி அடிக்கிறது; உடையப்பன் சாவிக்குக் கை நீட்டுகிறார்.

முடிவு ஆ: நடக்கிறார், மணி அடிக்கிறது, உடையப்பன், “சொல்லித் தொலைச்சா என்னா? சரி, ஏறு” என்று...

இரண்டிலும் மணி அடிக்கிறது. அதில் எனக்கு அதிகாரமில்லை. அந்தக் கை நீண்டதா என்பதைக் கேப்ரியல் சொல்லத் தயாராகத்தான் இருந்தார். இரண்டாவது தே கேட்டது அதற்குத்தான்.

மேசையில் ஒரு சாவி கிடந்தது. லாரிச் சாவியா, வீட்டுச் சாவியா என்று நான் கேட்கவில்லை. காலையில் அவர் அந்தக் கடையில்தான் இருப்பார். போய்க் கேளுங்கள், தே உங்கள் செலவு.