பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில்

முகத்தைப் பார்த்தே யாருக்கு என்ன பாட்டு வேண்டும் என்று காசிம் சொல்லிவிடுவான். தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவனுடைய ரெக்கார்டிங் கடைக்குக் காலி கேசட்டோடு வருகிறவர்கள் பாட்டுச் சீட்டை நீட்டுவதற்குள், அவன் சரியான ரெக்கார்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்திருப்பான். காலேஜ் பையன் என்றால் இந்தி டிஸ்கோ. மாலை போட்டவர் என்றால் கேட்கவே வேண்டாம். தனியாக வந்து கடைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வருகிறவர் என்றால், சோகப் பாட்டு.

கடைக்குப் பின்னால், பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரே ஒரு முகத்தைத்தான் அவனால் படிக்க முடியவில்லை. பரிதா கம்பைநல்லூரிலிருந்து அவனுக்கு மனைவியாக வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"உனக்கு என்ன பாட்டு புடிக்கும்?"

"எல்லாந்தாங்க."

"ஒண்ணாச்சும் சொல்லு."

"எல்லாமே நல்லாத்தான் இருக்குதுங்க."

குழம்பு எப்படி, வூடு எப்படி, ஊர் எப்படி, எதைக் கேட்டாலும் இதே பதில். விருந்துக்கு வந்தவர்கள் சொல்கிற பதில் அது. விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்பிப் போகிறவர்தானே என்று காசிமுக்குத் தோன்றியது. தங்கை கல்யாணத்துக்காக அவளைப் பத்து நாள் கூட்டிப்போக, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் பக்ருதீன் வருவதாக இருந்தது. போன இடத்திலும் நல்லாத்தான் இருக்குது என்று அங்கேயே இருந்துவிட்டால்?

வியாழக்கிழமை சேலத்து பஸ்ஸில் புது ஆல்பங்கள் வந்தன. தமிழ் சினிமா இரண்டு, இந்தி டிஸ்கோ ஒன்று, கஜல் ஒன்று, கன்னட நாட்டுப்பாட்டு ஒன்று. வாடிக்கையாளர்களுக்கு என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் திரைக்காகத்தான் போட்டான். கஜலுக்கு அம்மிச் சத்தம் நிற்கவில்லை. சினிமாப் பாட்டுக்குத் துணியைக் கல்லில் கும்முகிற சத்தம் தாளம் மாறவில்லை. டிஸ்கோவுக்கு அவள் தண்ணீருக்குப் போய்விட்டாள்.

மறுநாள், வத்தல்மலை சென்னப்பனின் மகள் காதுகுத்துக்காக அந்த ஆல்பங்களிலிருந்தே ஒரு கேசட் பதிய வேண்டியிருந்தது. வழக்கம்போல முதலில் மைக்கைத் திறந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு, "காசிம் ரெக்கார்டிங், தர்மபுரி" என்று பேசிவிட்டு ரெக்கார்டைச் சுழலவிட்டான். அப்போதுதான் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. வெள்ளிக்கிழமை. அவசரமாக ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்கு ஓடினான்.

ஆறாம் நாள் சென்னப்பன் மலையிறங்கி வந்தார். கேசட்டை மேஜையில் வைத்தார்.

"பாய், உள்ள யாரு அது?"

"எதுக்குள்ளண்ணா?"

"கேசட்டுக்குள்ள!"

காசிம் போட்டுப் பார்த்தான். அவன் குரல் வந்தது. பாட்டு வந்தது. பல்லவி முடிந்து வயலின்கள் எழும்பியதும், அவற்றோடு சேர்ந்து ஒரு பெண் குரலும் எழும்பியது. ஒரு வார்த்தை இல்லை. "ரீரீ ரரரீ" என்று வயலினாகவே போனது. சரணம் தொடங்கியதும், பெரியவர்களுக்கு வழிவிடுவதுபோல அந்தக் குரல் ஒதுங்கிக்கொண்டது. அடுத்த இடைவெளியில் புல்லாங்குழலாகத் திரும்பி வந்தது. அதே ரெக்கார்டில் அடுத்து வந்த டிஸ்கோப் பாட்டில் "டுக்கு டக்கு டுஸ்" என்று வாயிலேயே டிரம்ஸ். கூடவே ஒரு தட்டில் விரல்கள்.

காசிமுக்குக் காது சூடானது. மைக் சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறான். ஷட்டர் இறங்கியதும் அவள் திரையை விலக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பாடுகிறவர்களையெல்லாம் விட்டுவிட்டு, அவர்கள் மூச்சு வாங்குகிற இடங்களுக்காகக் காத்திருந்திருக்கிறாள். எல்லாந்தாங்க என்று அவள் சொன்னது பொய்யில்லை. அவன்தான் பாட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"தப்பாயிருச்சுண்ணா. அழிச்சுட்டு வேற பதிஞ்சு குடுத்துர்றேன்."

"அழிக்கறதா? நல்லா சொன்னீங்க போங்க! காது குத்தையில எம்மவ அழுவாம இருந்ததே இந்தம்மாவாலதான். வாயில பீப்பீ ஊதுதுன்னு ஒரே சிரிப்பு. யாரு பாய் அது?"

காசிம் திரையைப் பார்த்தான்.

"புது ஆர்ட்டிஸ்ட்டுங்கண்ணா."

"அவங்க ஆல்பம் வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க."

அன்றிலிருந்து சனிக்கிழமை வரை காசிம் வேறு யாருக்கும் பதியவில்லை. இருந்த ரெக்கார்டுகளையெல்லாம் இறக்கினான். பாடகர் வாயை மூடியதும் பதிவு, திறந்ததும் நிறுத்தம். நிறுத்துகிற பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் சிவந்துவிட்டது. கஜலின் சாரங்கிக்குப் பக்கத்தில் கன்னடத்து மேளம் வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சினிமா வயலின். தொடக்கத்தில் கடைப்பெயர் பேசவில்லை. மைக் சுவிட்சை மூன்று முறை பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பக்ருதீன் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே பரிதா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். காசிம் கேசட்டைப் போட்டான்.

பையின் ஜிப் பாதியில் நின்றது. பிறகு திரை விலகியது. ஷட்டர் திறந்திருக்கும்போது அவள் அந்தத் திரையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

"யாருங்க சொன்னாங்க?"

"வத்தல்மலையில சொன்னாங்க."

அவள் மேஜைமேல் இருந்த மைக்கைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று அவன் எழுந்தேவிட்டான். சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தான்.

கேசட்டில் ஒரு புல்லாங்குழல் வந்து நின்றது. அவள் சட்டென்று முந்தானையை எடுத்தாள்.

"என்னங்க இது, பாதியில வெட்டிட்டீங்க? புல்லாங்குழல் முடிஞ்சதும் தபேலா ஒரு பதில் சொல்லும். அது இல்லாம எப்படி? நல்லாவே இல்ல."

நல்லாவே இல்ல. வந்து இத்தனை நாளில் அவள் இதைச் சொன்னதேயில்லை. காசிமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்ப நீயே சரி பண்ணு."

"பண்றேன்."

"பஸ்சு போயிரும், வா புள்ள!" என்று வெளியே பக்ருதீன் கத்தினான்.

அவள் போய்ப் பையை எடுத்து வந்தாள். காசிம் கேசட்டை உறையில் போட்டு நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, திரும்ப அவன் மேஜையிலேயே வைத்தாள்.

"இங்கயே இருக்கட்டும். கல்யாணம் முடிஞ்ச மறுநாளே வந்துர்றேன். அந்தப் புல்லாங்குழல் ரெக்கார்ட யாருக்கும் குடுத்துறாதீங்க."

படியிறங்கியவள் திரும்பினாள்.

"மைக்கு சுவிட்ச பாத்துக்கங்க."