குறட்டைக்கு ஆதாரம்

ஆபீசில் அவருக்குக் காவல்காரர் என்றுதான் பெயர். வைரஸ் பிடிக்கும் மென்பொருளுக்கு, எந்த நிரல் நல்லது, எது திருடன் என்று விதி எழுதுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருமுறை அவருடைய விதி, மணி காட்டும் நிரலையே திருடன் என்று பிடித்து உள்ளே போட்டுவிட்டது. மூன்று நாள் எல்லோருக்கும் மணி பத்தேகாலாகவே இருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

மனைவி போய்ச் சேர்ந்து ஐந்து வாரம். அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. காபி சூடா என்பதைக்கூட விரலை விட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"நான் குறட்டை விடுறதில்ல" என்று அவர் பதினோரு வருடம் சாதித்தார். அவளும் பதினோரு வருடம் அதைப் பதிவு செய்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்தாள். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அவள் பேசியிருப்பாள். வேறெங்கும் அவள் குரல் இல்லை. அந்த டிஸ்க் இப்போது சாகக் கிடந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் 'டக் டக்' சத்தம் கூடிக்கொண்டே போனது.

அதைப் படிக்கும் கருவி ஆபீசில்தான் இருந்தது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினார். 'அனுமதி இல்லை' என்று ஒரு வரி வந்தது. டிஸ்க்கைச் சுரண்டி எடுக்கும் நிரலையே காணோம். மறுபடி கொண்டுவந்து வைத்தார். மறுபடி காணோம். அவருடைய மென்பொருளே அதைத் திருடன் என்று பிடித்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தது.

மனைவியின் தம்பி போனில் இருந்தான். "அத்தான், அந்த ஃபோல்டரைத் தொடாதேன்னு அதுக்குச் சொல்லலையா?"

"சொல்லிட்டேன் மாப்ள. நிரல் ஓடும்போது டெம்ப்னு வேற ஒரு ஃபோல்டர்ல போய், தன் நகலா ஒரு குட்டி போடுது. அங்க வச்சுப் பிடிக்குது."

"ஆஃப் பண்ணித் தொலைங்களேன்."

"இங்க யாராலயும் ஆஃப் பண்ண முடியாது. நான்தான் அப்படிப் பண்ணி வச்சேன்."

பதிவேட்டைத் திறந்தார். பிடித்தது நானூற்றுப் பன்னிரண்டாம் விதி: திரையில் ஜன்னல் திறக்காமல் டிஸ்க்கின் அடிவயிற்றில் கை வைப்பவன் திருடன். எழுதியவர், அவரே.

விதியைத் தளர்த்தப் புகார்ப் படிவம் வேண்டும். நிரப்பி அனுப்பினார். அடுத்த நிமிடம் அது, வேறு ஆறு புகார்களோடு, அவர் மேசைக்கே வந்தது. வழக்கம்போல் எதையும் படிக்காமல் 'தள்ளுபடி' பொத்தானை அழுத்தினார். உடனே அவருக்குப் பதில் வந்தது: 'தங்கள் புகாரைக் கவனமாக ஆராய்ந்தோம். கோப்பு ஆபத்தானது. நன்றி.'

"என்னாச்சு அத்தான்?"

"தள்ளிட்டாங்க."

"யாரு?"

"நான்தான்."

"அக்கா பாவம்" என்றான். "உங்ககிட்ட போய் ஆதாரம் சேர்த்தாளே."

மறுபடி புகார் எழுதினார். வந்ததும் இந்த முறை படித்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் முழுசாகப் படித்த முதல் புகார் அது. காரணம் என்ற கட்டத்தில் 'என் மனைவி குரல்' என்றிருந்தது. குட்டிக்கும் சேர்த்து விலக்குக் கொடுத்தார்.

கட்டளை ஓடியது. ஒரே ஒரு பதிவு வெளியே வந்தது, டிஸ்க் அடங்கிவிட்டது.

போட்டார். மேசை அதிர்ந்தது. ஜெனரேட்டர் ஓடுகிறது என்று நினைத்து, பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்துபோய் மெயின் சுவிட்சைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அவள் குரல்: "மணி ரெண்டே கால். இப்பவாவது ஒத்துக்கோங்க."

"அது நான் இல்ல" என்றார்.

அதற்கு அவள் ஏதாவது சொல்வாள் என்று சற்றுக் காத்திருந்தார். பிறகு இன்னொரு தடவை போட்டார்.