சூட்டடுப்பில் மெருகு ஏறாது

எக்ஸிட்டர் நீதிமன்றத்துக்கு என்னைக் கூப்பிட்டது உப்புக்குச் சப்பாணியாகத்தான். "தெர்சா நல்ல பெண்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு இறங்க வேண்டும். நான் கெசையா, வீடு வீடாகப் போய்த் தரை தேய்ப்பவள். தெர்சா வேலை செய்த வீட்டுக்கும் வாரம் இரண்டு நாள் போவேன்.

அந்த வீட்டு எஜமானி லஸ்கோம் அம்மாள் மாடியில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தாள். விடிகாலை ஐந்தரைக்கு அலறல் கேட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். பிணத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் காவலரைக் கூட்டி வந்தவளே தெர்சாதான். ஆனால் கதவு எதுவும் உடையவில்லை, வீட்டில் வேறு ஆளில்லை, அவளுடைய கவுன் ஒன்றைக் காணோம். போதாதா? ரத்தம் பட்ட கவுனைச் சமையலறை அடுப்பில் எரித்தாள், தடயம் மறைய அடுப்பைத் துடைத்து, இரும்பு பளபளக்கத் தேய்க்கும் கருமெருகைப் பூசினாள் என்று அரசு வக்கீல் கதை கட்டினார். கனடாவுக்குப் போன அக்காளுக்குக் கவுனைக் கொடுத்தேன் என்று அவள் காவலரிடம் சொன்னதை யாரும் நம்பவில்லை. அப்போதெல்லாம் தன் வழக்கில் தானே சாட்சி சொல்லச் சட்டத்தில் இடமில்லை. பத்தொன்பது வயதுப் பெண் கூண்டில் நின்றாள். அவள் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தூக்குக்கயிறுதான் தெரிந்தது.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்த காவலர் சாட்சி சொன்னார். அடுப்பு கண்ணாடி மாதிரி மின்னியதாம், தொட்டதும் விரலெல்லாம் மெருகு ஒட்டியதாம். கனவான்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இவர்களில் ஒருத்தராவது பிறந்ததிலிருந்து ஓர் அடுப்பைத் துடைத்திருப்பாரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் முறை வந்தது. என் ஒரு வரியைச் சொன்னேன். அரசு வக்கீல் உதட்டைச் சுழித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏம்மா, காலங்காத்தால அடுப்புக்கு மெருகு போடுற அளவுக்கு நல்ல பொண்ணோ?"

"தெனமும் போடுவா ஐயா. அடுப்பு மூட்டுறதுக்கு முன்னால."

"முன்னாலன்னு உனக்கெப்படித் தெரியும்? நீ அங்க இருந்தியா?"

"இருக்கணும்னு அவசியமே இல்லைங்க. சூட்டு இரும்புல மெருகு ஏறாது. பொசுங்கி நாறும், பொடியா உதிரும். ஒரு கவுனை எரிக்கிற அளவுக்கு மூட்டினா அந்த அடுப்பு ஆற மத்தியானம் ஆயிடும். ஏழு மணிக்கு மின்னிச்சுன்னு உங்க ஆளே சொன்னாரு. கையும் வச்சாரு. சுட்டுச்சான்னு கேளுங்க."

நீதிபதியே கேட்டார். காவலர் தொப்பியைத் திருகினார். "இல்லீங்க பிரபு. ஜில்லுன்னு இருந்துச்சு."

மேல்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த வேலைக்காரிகள் ஒருசேரச் சிரித்தார்கள். ஜூரித் தலைவர் இரும்புக் கடைக்காரர். ஆறின அடுப்பில் பூசவும் என்று மெருகு டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது என்று நீதிபதியிடம் எழுந்து சொன்னார். வக்கீலுக்கு நன்றாக மூக்கறுபட்டது. எனக்கு அதில் கொள்ளை சந்தோஷம்.

பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. குற்றமற்றவள்.

வாசலில் அத்தனை வேலைக்காரிகளும் தெர்சாவைச் சூழ்ந்துகொண்டு கூவினார்கள். ஒருத்தி தன் தொப்பியையே கழற்றி அவளுக்குச் சூட்டினாள். கொன்றவன் இன்றுவரை அகப்படவில்லை. அன்றைக்கே ஒரு பத்திரிகைக்காரர் என்னை மறித்து, அப்படியானால் கொன்றது யார் என்று கேட்டார்.

"தெரியாதுங்க," என்றேன். "கொல்லாதவ யாருன்னு தெரியும். அவளுக்குப் பசிக்குது, வழி விடுங்க."